ஒரே வேலைக்கு ரெண்டு பேட்ச்

"மூணு நிமிஷம்! கரண்ட் வந்து மூணு நிமிஷம் ஒன் பெட்டி தூங்குது. தறி ஓட வேண்டாமா? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா அம்புட்டுப் பெட்டியையும் கழட்டி எடுத்துட்டுப் போயிரு!"

போனில் கத்தியவர் சந்தானம். செல்லூரில் விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர். பாண்டியராஜன் காதைத் தேய்த்துக்கொண்டான்.

கோச்சடையில் ஒரு மாடி அறை, நாலைந்து கம்ப்யூட்டர், ஒரே ஒரு வாடிக்கையாளர். அதுதான் பாண்டியராஜனின் கம்பெனி. தறியை ஓட்டும் சின்னப் பெட்டிக்கு லினக்ஸ் என்ற மென்பொருளை ஏற்றித் தருவது தொழில். சந்தானமும் போய்விட்டால் மாடியைக் காலி பண்ணிவிட்டு யாரிடமாவது வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

லினக்ஸ் ஊருக்கே பொதுச் சொத்து. அதன் மூல நிரலில் நேராகக் கை வைத்தால் பாண்டியராஜனுக்குப் பிடிக்காது. வேண்டிய மாற்றத்தைத் தனித்தனி பேட்ச்சாக எழுதி ஒரு ஃபோல்டரில் போட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து பில்ட் பண்ணும்போது அவை வரிசையாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த ஃபோல்டரில் வேண்டாத பேட்ச் ஒன்று கிடந்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

இன்றைக்குத் திறந்து பார்த்தால், அவன் அம்மை போட்டு வீட்டில் கிடந்த வாரத்தில் புதிதாக இரண்டு பேட்ச் முளைத்திருந்தன.

முதல் பேட்ச், கரண்ட் வந்ததும் 'பரிசோதனை நடக்கிறது. தறியைத் தொடாதீர்கள்' என்று திரையில் காட்டிவிட்டு ஒன்றரை நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தது. பரிசோதனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டாவது பேட்ச்சும் அதே திருப்பணியைத்தான் செய்தது. இரண்டையும் எழுதியவள் தமிழ்ச்செல்வி. கம்பெனியில் அவனைத் தவிர இருந்த ஒரே ஆள்.

"என்னம்மா இது?"

தமிழ்ச்செல்வி எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"அது இருக்கட்டும் சார்."

"சும்மா இருக்கிறதுக்கு ஒரு பேட்ச்சா? அதுலயும் ரெண்டு! ஒண்ணுலயே நேரத்தைக் கூட்டி வச்சிருக்கலாம்ல?"

"ரெண்டும் வேற வேற சார்."

"எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கு, வேறயாம்ல!"

"சொல்ல முடியாது சார். வாக்குக் குடுத்திருக்கேன்."

பாண்டியராஜனுக்குச் சுர்ரென்று ஏறியது. போட்டிக்காரன் எவனோ இவளை வளைத்துப் போட்டுவிட்டான். இல்லாவிட்டால் சோறு போடுகிற கம்பெனிக்கே குழி பறிப்பாளா?

"நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இரண்டு பேட்ச்சையும் தூக்கி எறிந்துவிட்டு, புதிதாக பில்ட் பண்ணிக்கொண்டு, பாண்டியராஜன் பைக்கை செல்லூருக்கு விரட்டினான்.

கூடத்து வாசலில் சந்தானமும் அவர் மனைவி சீதாலட்சுமியும் ஆளுக்கொரு நாற்காலியில் காவல் இருந்தார்கள். யார் முகம் அதிகம் கடுகடு என்று பந்தயம் வைத்தால் ஜெயிப்பது யார் என்று சொல்ல முடியாது.

பெட்டிகளில் புதியதை ஏற்றி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. 2008 அது. கரண்ட் தன் இஷ்டத்துக்கு வந்து போகும் மகாராஜா.

தறிகள் நின்றன. ஆட்கள் நிற்கவில்லை. குனிந்து அறுந்த இழைகளை முடிய ஆரம்பித்தார்கள். வயதான சின்னத்தாய் முதுகை நிமிர்த்தப் பார்த்தாள். சந்தானம் செருமினார். அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

கரண்ட் வந்தது. பத்து எண்ணுவதற்குள் பெட்டிகளில் பச்சை விளக்கு. போட்ட முடிச்சும் போடாத முடிச்சுமாக எல்லோரும் தறியை ஓட்ட ஓடினார்கள்.

"பாத்தீங்களாண்ணே!" என்றான் பாண்டியராஜன் பெருமையாக.

சந்தானம் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள்.

"இதான் வேணும்" என்றார் அவர்.

"பின்னே? கூலி சும்மாவா குடுக்கிறோம்?" என்றாள் அவள்.

பைக் வரை வந்து வழியனுப்பிய சந்தானம், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்தார்.

"யோவ், ஒன்னை யாருய்யா சரி பண்ணச் சொன்னது?"

"நீங்கதானண்ணே போன்ல கத்துனீங்க!"

"அவ பக்கத்துல இருந்தா, கத்துனேன். நான் கத்துனா நீ சரி பண்ணிருவியா? கரண்ட் இருந்தா தறி, போனா முடிச்சு. வேலை பாக்கிற சனங்க எப்பய்யா மூச்சு விடும்? நானா உக்காரச் சொன்னா வீட்டுக்காரி என்னைய உண்டு இல்லேன்னு ஆக்கிருவா. மிஷினே தொடாதேன்னு சொன்னா யாரு கேக்க முடியும்? அந்தப் பொண்ணுகிட்ட ஒன்றரை நிமிஷம்தான் கேட்டேன். மவராசி, மூணாக் குடுத்திருச்சு. மறுபடி போட்டுரு. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது."

பாண்டியராஜன் வண்டியைக் கிளப்பினான். சந்து திரும்பும் இடத்தில், கூடத்தின் பின்வாசல் வழியாக வந்து குறுக்கே நின்றாள் சீதாலட்சுமி.

"தம்பி, அந்தத் 'தொடாதீர்கள்' இனிமே வராதா?"

"வராதுக்கா."

"ஐயோ, நான்தான் தம்பி தமிழ்ச்செல்விகிட்ட சொல்லிப் போட வச்சேன். சின்னத்தாய் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாக்கச் சகிக்கலை. ஒன்றரை நிமிஷம்தான் கேட்டேன். அதுக்கு மேலயே குடுத்துச்சு, நல்ல மனசு. திரும்பப் போட்டுரு. இவரு காதுக்குப் போச்சு, ஆடித் தீத்துருவாரு!"

சந்து முனையில் வண்டியை ஓரங்கட்டி, தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டான்.

"நாளைக்கு வந்துரும்மா. நான் ஒரு மடையன். அந்த ரெண்டு பேட்ச்சையும் மறுபடி போட்டுரு."

மறுமுனையில் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான சார்? ஒரே பேட்ச்சா சேத்துரவா?"

"வேண்டாம் தாயி. ரெண்டும் தனித்தனியாவே இருக்கட்டும். ஒண்ணு இருக்கிறது இன்னொண்ணுக்குத் தெரியவே வேண்டாம்!"