மலை வருது

"காது கேக்காத அம்மாவை இத்தனை வருஷமா ஒரு டாக்டர்கிட்ட காட்டல. நீயெல்லாம் ஒரு பொண்ணு!"

பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பியிருந்த மகளுக்குச் சுருக்கென்றது.

"நீங்க இங்கதானே இருந்தீங்க அத்தை? கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

"நான் கூப்பிடாமலா? உங்கம்மா டமாரம் அசைஞ்சாத்தானே!"

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"என்னமோ பேசிக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல."

மறுநாளே அம்மாவைக் காது டாக்டரிடம் கிளப்பிக்கொண்டு போனாள் மகள். பஸ்ஸில் அம்மாவின் காதருகே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாய் நிறுத்திச் சொன்னாள்.

"மெஷின் மாட்டிக்கிட்டா எல்லாம் தெளிவா கேக்கும்மா."

"வேணாம். கிர்ருனு இரையும்."

"மாட்டாமலே எப்படித் தெரியும்?"

"என்ன? கேக்கல."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளிநாட்டுத் தமிழ் வானொலியில் செய்தி வாசித்தே பேர் வாங்கியவள் அவள். அந்த 'ழ'வைக் கேட்கவே செய்தி கேட்கிறோம் என்று எழுதிய நேயர்கள் உண்டு. எங்கெங்கோ இருப்பவர்கள் கேட்ட குரலை, பெற்றவள் ஒருநாள்கூட முழுசாகக் கேட்டதில்லை. இனிமேலாவது கேட்கவேண்டும்.

சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். எந்த ஸ்டேஷனிலும் நிற்காத பேச்சு. பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே இறங்கிவிடும். 'ழ' மருந்துக்கும் கிடையாது. எதைச் சொன்னாலும் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

"என்ன? கேக்கல!"

ஒருநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் வீட்டுத் துணி மொத்தமும் காய்கிறது.

"அம்மா, மலை வருது!"

"என்னது வருது?"

"மலைம்மா! மலை!"

"மலையா? அது இருந்த இடத்துலதானே இருக்கும்? இங்க எதுக்கு வருது?"

நாக்கை மடித்து, முக்கி முனகி, அவள் "மழை" என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தனை துணியும் தொப்பல். அப்பா ஈரச் சட்டையோடு ஆபீஸ் போனார்.

"காதை எங்கேயாவது அடகு வெச்சுட்டியா?" என்று அவர் கத்தினதும், அத்தை "டமாரம்" என்று பேர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

பாவம் அம்மா, என்றுதான் அவள் நிறுத்தி நிதானமாகப் பேசப் பழகினாள். வாசல் அறையிலிருந்து அடுப்படிக்கு எட்டுகிற மாதிரி, பாடத்தைத் திரும்பத் திரும்ப, நாக்கு வலிக்க வலிக்கப் படித்தாள்.

டாக்டர் சின்னப் பெண். கண்ணாடி அறைக்குள் அம்மாவை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் பட்டன் கொடுத்தார்.

"சத்தம் கேட்டா அழுத்துங்கம்மா."

அம்மா ஒரு தடவைகூட அழுத்தவில்லை. டாக்டர் அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் போய் நின்று, கிசுகிசுப்பாகச் சொன்னார்.

"அடடா, செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்திருக்காங்களே."

அம்மா சட்டென்று குனிந்து காலைப் பார்த்தாள்.

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவங்க காதுக்கு ஒண்ணும் ஆகலைங்க. என் காதைவிட நல்லாயிருக்கு."

பஸ் ஸ்டாப் வரைக்கும் மகள் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் வெடித்தாள்.

"அப்போ அன்னிக்கு மலை வருதுன்னு நான் கத்தினப்போ?"

"முதல் தூறல் தகரத்துல விழுந்ததே எனக்குத்தான் முதல்ல கேட்டுச்சு."

"பின்ன எதுக்கும்மா இந்த நாடகம்?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குரல் உனக்குப் பொறக்கும்போதே வந்துடுச்சு. வார்த்தைதான் வரல. ஒருநாள் எல்லார் முன்னாடியும் உங்க டீச்சர் 'ஒழுங்காப் பேசு'ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் நீ எத்தனை நாள் வாயைத் திறக்கல, ஞாபகம் இருக்கா? குறை உன் நாக்குலன்னா நீ வாயை மூடிப்பே. என் காதுலன்னா திரும்பச் சொல்லுவே. அவ்வளவுதான்."

"அதுக்காக, டமாரம்னு பேர் வாங்கிக்கிட்டு..."

"பேர்தானே. உங்க அத்தை சொல்ற மத்ததுக்கும் அது வசதியா இருந்துச்சு."

"சரி, நான் வேலைக்குப் போனப்புறம்?"

"காது கேக்குதுன்னு தெரிஞ்சா ரெண்டு வார்த்தையில போனை வெச்சிருப்பே. கேக்கலைன்னதும்தானே நிறுத்தி நிறுத்தி, நிறைய நேரம் பேசினே!"

மகள் தயங்கிக் கேட்டாள். "என் செய்தி?"

"ஒருநாள் விட்டதில்ல. ரேடியோவைச் சின்னதா வெச்சுக்கிட்டுக் கேப்பேன். அடுத்த ரூம்ல உங்க அத்தை இருப்பாளே."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையேம்மா, காது கேக்கும்னு!"

"நீ கேக்கல."

எத்தனையோ பெரிய செய்திகளை அட்சரம் பிசகாமல் வாசித்தவள்தான். எக்ஸ்பிரஸ் காலத்து மாதிரியே, பாதியை மென்று மீதியை முழுங்கி, அம்மாவிடம் என்னவோ சொன்னாள்.

அம்மா காதோரம் கையைக் குவித்தாள்.

"என்ன? கேக்கல."