பாலிஷ் காயவில்லை

"பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டியா, கரியை அப்புனியாடி? கையெல்லாம் ஒட்டுது!"

மில் செக்யூரிட்டி சுருளிவேல், மாட்டிய பூட்ஸோடு மனைவி சண்முகவள்ளியின் இடுப்பில் எட்டி உதைத்தான். அவள் சுவரில் மோதி விழுந்தாள்.

"பிரஷ் போட்டுத் தேய்க்க மறந்துட்டேங்க..."

"மறப்பியா? மறப்பியா?" முதுகில் இன்னும் மூன்று உதை. ஆத்திரம் தீர்ந்ததும் வேலைக்குக் கிளம்பினான்.

அவள் சேலையைக்கூட மாற்றவில்லை. நாகல் நகரில் ஆட்டோ பிடித்து நேராக மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"போன தடவை, நீ படியில விழுந்ததா உன் புருஷன் சத்தியம் பண்ணுனான். இந்தத் தடவை சாட்சி இருக்கா?" என்றார் எஸ்.ஐ.

சண்முகவள்ளி திரும்பி நின்றாள். சந்தன நிறச் சேலையில் நான்கு கறுப்புப் பூட்ஸ் தடங்கள்.

தொட்டுப் பார்த்த எஸ்.ஐ.யின் விரலில் பாலிஷ் ஒட்டியது. "பிரஷ் போட மறந்துட்டியாம்மா?"

"பதினோரு வருசத்துல ஒருநாளும் மறந்ததில்ல மேடம்."