அவர் தேடாத இடம்

என் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்தவர் என் கணவர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார், யார் என்று உங்களை அலைய விட எனக்கு நேரமில்லை.

ஞாயிறு மாலை. டிவியில் என் துப்பறியும் தொடர். ஆரம்பத்திலேயே ஒரு பல் டாக்டர் தன் கூட்டாளியை மாடிப்படியில் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டார். இனி கடைசிவரை அவர் இன்ஸ்பெக்டரிடம் எப்படி நடிக்கிறார் என்பதுதான் கதை.

"கொன்னது யாருன்னு மொதல்லயே காட்டிட்டா அப்புறம் பாக்க என்ன இருக்கு?"

கேட்டுக்கொண்டே வந்த என் கணவர் சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். அது அவருடைய இடம். வேறு யாராவது உட்கார்ந்தால் முகம் சுண்டிவிடும். அவர் உட்கார்ந்ததும் டிவி சத்தம் கொஞ்சம் ஏறியது. அவர் கவனிக்கவில்லை.

"நிறைய இருக்குங்க" என்றேன்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். பிறருடைய ரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பத்து வருடம் நின்றவள். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. பரீட்சையில் ஒருமுறை தோற்று, மறுபடி எழுதி வாங்கிய வேலை. "தாராளமா போ" என்று வாய் நிறையச் சொன்னார் மனிதர். விசா ஒட்டி வந்த மறுநாள் பாஸ்போர்ட்டைக் காணோம்.

தேடியதும் அவர்தான். பீரோவைக் கவிழ்க்காத குறை. சமையலறை டப்பாக்களைக்கூடக் கொட்டிப் பார்த்தார். சோபா மெத்தைகளை ஒவ்வொன்றாக உதறினார். களைத்துப்போய் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"உன் தம்பி வந்துட்டுப் போனதுலேருந்துதான் காணோம். நான் எதுவும் சொல்லலப்பா."

நான் தம்பிக்குப் போன் போட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான்.

வேலை போனால்கூட ஆறியிருக்கும். இது ஆறவில்லை.

போன ஞாயிறு இதே தொடரில், கொலைகாரன் போலீசோடு சேர்ந்து கத்தியைத் தேடினான். தான் நின்ற இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் தேடினான். நான் டிவியிலிருந்து கண்ணை எடுத்து, பக்கத்தில் சாய்ந்திருந்தவரைப் பார்த்தேன். அன்றைக்கு எல்லா மெத்தையையும் உதறியவர், ஒரு மெத்தையை மட்டும் தொடவேயில்லை. அதன் மேல் உட்கார்ந்துகொண்டுதான் என் தம்பியைத் திருடனாக்கினார்.

மறுநாள் அவர் ஆபீஸ் கிளம்பியதும் மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்தேன். ஸ்பஞ்சை ஒட்டினாற்போல பாஸ்போர்ட் இருந்தது. ஜிப்பை மூடினேன்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கதை முடிந்துவிடும். வாரம் முழுக்க வேடிக்கை பார்த்தேன். போலீசில் புகார் கொடுப்போமா என்று கேட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லையே என்று கவலைப்பட்டார். ராத்திரி என் தலையைத் தடவிக்கொடுத்து, "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஒரு ஆபீசில் வீணாகிறாரே என்று இருந்தது.

"மேட்ச் ஆரம்பிச்சிருக்கும். ரிமோட் எங்க?" என்றார் இப்போது.

"தெரியலையே. நல்லா தேடுங்க."

தேடினார். பேப்பருக்கு அடியில், டிவி மேசைக்குப் பின்னால், என் பக்கத்து மெத்தைக்கு அடியில். அலுத்துப்போய்த் தன் இடத்தில் தொப்பென்று விழுந்தார்.

சத்தம் ஏறியது.

எங்கள் வீட்டு ரிமோட் டிவியைப் பார்த்து நீட்டத் தேவையில்லாத புது ரகம். எங்கிருந்து அழுத்தினாலும் வேலை செய்யும்.

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். இன்னும் ஏறியது. திரையின் ஓரத்தில் சத்தத்தைக் காட்டும் கோடு அவருக்கும் தெரிந்தது. கை மெல்லத் தொடைக்கு அடியில் போயிற்று. தடவியது. ஜிப் வரை வந்து நின்றது.

திறந்தால் ரிமோட்டோடு பாஸ்போர்ட்டும் வரும், என் கண் முன்னால். அதைத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது.

டிவியில் இன்ஸ்பெக்டர் கத்திக் கேட்டார், அன்று மாலை எங்கே இருந்தீர்கள் என்று. பல் டாக்டர் கத்திப் பொய் சொன்னார்.

"தேடலையா?" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். உடம்பை அசைக்கவில்லை.

கீழே ஹாரன் அடித்தது. தம்பியின் கார். வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டும் அவன் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் காலையில் இவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் வந்து என் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனான். இப்போது என்னை ஏற்றிக்கொள்ள வந்திருக்கிறான்.

நான் ஷூவை மாட்டிக்கொண்டேன். கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் பார்க்கும்படியாகவே பார்த்தேன். டிக்கெட்டை நான் ரத்து செய்யவே இல்லை.

"கிளம்பறேங்க. நீங்க எழுந்திருக்காதீங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. படி இறங்கித் தெருவுக்கு வரும்வரை பல் டாக்டரின் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.