பேச்சில்லாத தேர்வு

ஆற்றோர மருத மரத்தில் ஒரு பொந்து காலியானது. அது யாருக்கு என்று முடிவு செய்ய, ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவிலிருந்த பாழ் மண்டபத்தில் ஆந்தை தேர்வு வைத்தது.

"கிளிக்கு வாய் நீளம். அதனால் இந்தத் தடவை பேச்சே கிடையாது. படத்தில் விடுபட்ட துண்டைப் பொருத்தினால் போதும்."

மழைக்காலம் வருவதற்குள் குட்டிகளுக்கு இடம் தேடிக்கொண்டிருந்த அணில், ஒரே பார்வையில் சரியான துண்டை எடுத்து வைத்தது. கிளி தப்பான துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டு, அதுதான் சரி என்று அரை மணி நேரம் பேசியது.

"நீ எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று அணிலைக் கேட்டது ஆந்தை.

"பார்த்தேன், தெரிஞ்சுதுங்க."

"விளக்கம் போதாது" என்று பொந்தைக் கிளிக்குக் கொடுத்துவிட்டது ஆந்தை.

வெளியே வந்ததும் கிளி, "அணிலக்கா, ஆத்துக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்றது.

அணில் வாலை மட்டும் ஊர்ப் பக்கம் நீட்டிக் காட்டிவிட்டு, குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடியது.