அழுக்குத் துணி

போலீஸ்காரர் மாசிலாமணி துப்பாக்கிக் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டு இழுத்தார். துணி கரேலென்று வெளியே வந்தது.

"அடச்சீ, இவ்வளவு அழுக்கா நீ?" என்றது துப்பாக்கி.

"அது உன் அழுக்கு," என்றது துணி.

"என்னிடம் ஏது அழுக்கு? இனி என் பக்கம் வராதே!"

ரோஷக்காரத் துணி பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மாசிலாமணி தேடிப் பார்த்துவிட்டு, "போதும், பளபளன்னுதான் இருக்கு," என்று துப்பாக்கியை மாட்டிவிட்டார்.

மறுநாள் சுடும் பயிற்சி. முதல் தோட்டா பாய்ந்தது. அடுத்து தானாக ஏறவேண்டிய தோட்டா, உள்ளே மிச்சமிருந்த அழுக்கில் பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

அதற்குத் தண்டனை, துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஐந்து சுற்று ஓடவேண்டும். மாசிலாமணிக்கு மூச்சு வாங்கியது.

மேலே துப்பாக்கி பெருமூச்சு விட்டது: "இந்த மரியாதையைப் பார்க்க அந்த அழுக்குத் துணி இல்லையே!"