அரை மணி நேர வேலை

கார் நிற்க வேண்டிய கொட்டகையில் ஒரு பழைய ஆயில் என்ஜினும் இரும்பு, பித்தளை கடையும் லேத் ஒன்றும் குடியிருந்தன. தார்ப்பாய்க்குள் கிடந்த என்ஜின் மறுபடி ஓட, கட்டைவிரல் அளவில் புஷ் என்கிற பித்தளை வளையம் ஒன்று போதும். அதைக் கடையத்தான் துரைக்கண்ணு லேத்தையே வாங்கினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை லேத்தின் கைப்பிடி ஆடியது. அதிலேயே புதுக் கைப்பிடி ஒன்று கடைந்து மாட்டினார். அப்புறம் உளியைப் பிடிக்க ஒரு தாங்கி கடைந்தார். அந்தத் தாங்கியை இறுக்க ஒரு தனிச் சாவி. இப்படியே ஆறு வருஷம் போய்விட்டது.

"தம்பி, என்னை மறந்துட்டாரா?" என்று லேத்தைக் கேட்டது என்ஜின்.

"மறப்பாரா அண்ணே? வர்றவங்ககிட்ட எல்லாம் உங்களைப் பத்தித்தான் பேச்சு."

"அப்போ அந்த புஷ்?"

"அது அரை மணி நேர வேலை. அதுக்கு என்ன அவசரம்?"

ஐப்பசி மழையில் கூரை ஒழுக ஆரம்பித்தது. துரைக்கண்ணு ஓடி வந்து, நேராக என்ஜினிடம் போய்த் தார்ப்பாயை உருவினார். ஆறு வருஷம் கழித்து வெளிச்சம் பட்டதும், "புஷ் தயாராயிடுச்சா?" என்றது என்ஜின்.

அவர் தார்ப்பாயை நன்றாக உதறி, லேத்தின் மேல் போர்த்தி, நாலு மூலையையும் இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.

என்ஜினின் தலையில் முதல் சொட்டு விழுந்தது.

"அடுத்தது நீங்கதான் அண்ணே" என்றது தார்ப்பாய்க்குள்ளிருந்து லேத்.