இரண்டாம் தவணைக் காசு

"ஸ்ரனிஸ்லாசுக்குக் கார்ட் வேண்டாம்."

குகநேசன் சொன்ன வேகத்தில் மனைவி தேவிகாவின் கையில் பேனை நின்றது. மகள் யாழ் மாஸ்டர் படிப்பை முடித்ததற்கு அடுத்த சனிக்கிழமை ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக் வீட்டில் சாப்பாடு. அறுபது பேருக்கு அழைப்பு எழுதியாயிற்று.

"குரோருட்டிலை அவர் இருக்கிற புளொக்கிலை எல்லாருக்கும் குடுத்துப்போட்டு, அவரை மட்டும் விட்டால் சனம் என்ன நினைக்கும்?"

"நினைக்கட்டும். கல்நெஞ்சன். அவனோடை கதைச்சே முப்பத்தேழு வருசம். நீர் மற்றாக்களுக்கு எழுதும்."

யாழ் சோபாவில் இருந்து கடிதம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பைக் குறையில்லாமல் முடித்ததால் அவளுடைய கல்விக்கடனில் ஒரு பங்கை அரசாங்கம் உதவிப்பணமாக மாற்றியிருந்தது. மிச்சத்தை இருபது வருடத்தில் கட்ட வேண்டும்.

"அப்பா, நீங்களும் இஞ்சை படிக்கத்தானே வந்தனீங்கள்? உங்களுக்கு ஸ்தூடியலோன் இருக்கேல்லையோ?"

"எங்களுக்கு ஆர் பிள்ளை கடன் தந்தது?" என்றார் குகநேசன். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எண்பத்தேழு ஆவணி. நாட்டின் வடக்கே, கடலோரத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம். காணியை ஈடு வைத்து அப்பா அனுப்பிய காசு முதல் தவணைக்குச் சரியாக இருந்தது. ஒரு சின்ன அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் அவர், மற்றதில் மன்னாரிலிருந்து வந்த ஸ்ரனிஸ்லாஸ்.

"முதல் நாள் மேசையிலை பழுப்புச் சீஸ் இருந்தது. ரெண்டு பேரும் ஊர்த் தொதல் இனிப்பு எண்டு நினைச்சுப் பெரிய துண்டாய் வெட்டி வாயிலை போட்டிட்டம். துப்பவும் வெக்கம், விழுங்கவும் ஏலாது. அவன்ரை முகத்தைப் பாத்து நான் சிரிக்க, என்ரை முகத்தைப் பாத்து அவன் சிரிக்க..."

தேவிகா நிமிர்ந்து பார்த்தாள். கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில் இந்தக் கதையை அவள் கேட்டதில்லை.

"பனியிலை சறுக்கப் பழகினம். நான் விழுந்தால் அவனும் வேணுமெண்டு விழுவான். மற்றப் பிள்ளையள் என்னை மட்டும் பாத்துச் சிரிக்கக் கூடாதாம். அவன்ரை தாய் அனுப்பின மிளகாய்த்தூளைத்தான் அந்த மாரி முழுக்க ரெண்டு பேரும் மீன் உருண்டைக்குப் போட்டுச் சாப்பிட்டனாங்கள்."

"பிறகு ஏன் அப்பா கோவம்?"

குகநேசனின் முகம் மறுபடி இறுகியது.

"இரண்டாம் தவணைக் காசு வரேல்லை. ஊரிலை சண்டை. கட்டாட்டில் பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லாட்டில் விசா இல்லை. நத்தார் லீவிலை அவன் மீன் பக்ரறியிலை வேலை செய்தவன். கையிலை காசு இருந்தது எனக்குத் தெரியும். பெப்ரவரி மாசம், ஒரு சனிக்கிழமை, வெக்கத்தை விட்டுக் கேட்டன்."

"என்ன சொன்னவர்?"

"'என்னட்டை இப்ப ஒண்டுமில்லை மச்சான். திங்கட்கிழமை வரைக்கும் பொறு.' என்ரை முகத்தைப் பாக்காமலே சொன்னான். பச்சைப் பொய்."

அடுத்த நாளே குகநேசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஒஸ்லோவில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவினார். அகதியாகப் பதிந்தார். ஸ்ரனிஸ்லாஸ் இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தபோதும், குரலைக் கேட்டவுடன் வைத்துவிட்டார். பிற்காலத்தில் கலியாண வீடுகளில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டவர்களுக்கெல்லாம் கல்நெஞ்சன் கதையைச் சொன்னார்.

யாழ் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அந்தப் பள்ளிக்கூடக் காசு? புது வருசத்திலையிருந்து அங்கை சாப்பிட்டுப் படுத்தனீங்கள்தானே? அதை ஆர் கட்டினது?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"கட்டேல்லை" என்றார், மெல்ல.

அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். "நான் இருபது வருசம் கட்டப்போறன் அப்பா." அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் வேலை இடைவேளையில் குகநேசன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தார். பேரையும் வருடத்தையும் சொன்னார். எவ்வளவு என்றாலும் வட்டியோடு கட்டுவதாகச் சொன்னார். மறுமுனையில் கதைத்த பெண் சிரித்துவிட்டு, பழைய பதிவேடுகள் நிலவறையில் இருப்பதாகவும் தேடிப் பார்ப்பதாகவும் சொன்னாள்.

வியாழக்கிழமை மின்னஞ்சலில் ஒரு படம் வந்தது. பதிவேட்டின் ஒரு பக்கம். மங்கிய கையெழுத்து. குகநேசன் கண்ணாடியைப் போட்டும் ஒன்றும் விளங்கவில்லை. யாழைக் கூப்பிட்டார்.

அவள் கணினித் திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஒரு கடனும் இல்லை. அந்தத் தவணைக் காசு முழுக்கக் கட்டியிருக்கு."

"ஆர் கட்டினது?"

"ஸ்ரனிஸ்லாஸ் மாமான்ரை பேர் இருக்கு."

குகநேசன் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஓடிவந்தாப் பிறகு அவனைப் பிடிச்சு வாங்கிப்போட்டாங்கள் போல. பாவி, நான் அவனை மாட்டிவிட்டிட்டன்."

"இல்லை அப்பா, பொறுங்கோ. பக்கத்திலை என்னவோ எழுதியிருக்கு. 'திங்கட்கிழமை குகநேசனுக்கு அறிவிக்கவும். கட்டியவர் தன் பேரைச் சொல்ல வேண்டாம் என்கிறார்.'"

"எப்ப கட்டினதாம்?"

யாழ் திகதியைப் பெரிதாக்கினாள்.

"பெப்ரவரி பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை."

குகநேசன் அவனிடம் போய்க் கேட்டதற்கு முதல் நாள்.